எர்லிந்தாவின் ஜன்னல்

அந்த வீட்டின் முன்வாசல் வழியாக உள்ளே போக எனக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று. அன்றைக்கும் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது, மார்லிஸ் என்று பெயர் எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற எல்லோரையும் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டவள், என்னைப் பார்த்ததும் கையை நீட்டி வழி காட்டினாள்.

"வேலைக்கு வந்தீங்களா? பின்பக்கமாப் போங்க. கார் நிக்கற கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு கதவு இருக்கும். இன்னைக்கு முன்பக்கம் பாக்க வர்றவங்களுக்கு மட்டும்தான்."

நான் சட்டைக்கையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டினேன். சீட்டு வாங்கிய மற்றவர்களுக்குக் கட்டியிருந்த அதே பச்சைக் காகிதப் பட்டை.

"அடடா, மன்னிச்சுக்குங்க சார். பூட்ஸைப் பாத்து நான்..."

"பரவாயில்ல மேடம். பூட்ஸ் பொய் சொல்லாது. ஐம்பது வருஷம் கொத்தனார்."

பின்னால் நின்ற புருஷனும் பெண்டாட்டியும் அன்னாசிப்பழம் அச்சடித்த ஒரே துணியில், ஐம்பதுகளின் பாணியில் சட்டையும் கவுனும் தைத்துப் போட்டிருந்தார்கள். "பாரு, அவர்தான் நிஜமான ஆளு. நாம வேஷம்," என்று அவர் சொல்ல, அந்த அம்மாள் அவர் விலாவில் இடித்தாள்.

தரை கெடாமல் இருக்க எல்லோரும் காலுக்கு நீலநிற உறை மாட்டிக்கொள்ள வேண்டும். என் பூட்ஸுக்கு இரண்டு ஜோடி கிழிந்தது. மூன்றாவதுதான் தாங்கியது.

பிப்ரவரியில் பாம் ஸ்பிரிங்ஸ் ஊரே இப்படித்தான் இருக்கும். ஐம்பதுகளில் கட்டிய கண்ணாடி வீடுகளைச் சுற்றிப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருவார்கள். பழைய வீட்டை வாங்கிக் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தவர்கள், அந்தப் பத்து நாளும் சீட்டு வாங்கியவர்களுக்கு வீட்டைத் திறந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் எத்தனையோ சுவர் எழுப்பியிருக்கிறேன், ஒன்றையும் சுற்றிப் பார்த்ததில்லை. கட்டி முடித்த வீட்டில் எங்களுக்கு என்ன வேலை?

இந்த வீட்டுக்கு நான் வந்தது வீட்டைப் பார்க்க அல்ல. ஒரு ஜன்னல் இருந்ததா இல்லையா என்று பார்க்க.

என் மனைவி எர்லிந்தா இந்த வீட்டில்தான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். தங்கி வேலை. சனிக்கிழமை ராத்திரி பக்கத்து ஊரான கோச்செல்லாவில் எங்கள் வீட்டுக்கு வருவாள். ஞாயிறு சாயங்காலம் நான் என் வண்டியில் கொண்டுவந்து பின்கேட்டில் இறக்கிவிடுவேன். கேட்டைத் தாண்டி நான் போனதில்லை. முதலாளியம்மா மிஸஸ் ஆல்டனுக்கு ஆம்பிளைகள் வந்துபோவது பிடிக்காது என்பாள். கணக்குப் போட்டால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஏழில் ஆறு ராத்திரி அவள் படுத்தது, நான் பார்த்தே இராத ஓர் அறையில்.

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், வேலையை விட்டுவிடு, பக்கத்திலேயே பழம் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை கிடைக்கும் என்று. கேட்கமாட்டாள்.

"அங்க எனக்குன்னு ஒரு ஜன்னல் இருக்கு, நிக்கானோர். படுத்துக்கிட்டே மலை தெரியுது. விடியும்போது உச்சி மட்டும் முதல்ல ரோஸ் கலரா ஆகும். அப்புறம் மெதுவா கீழ இறங்கும். இங்க என்ன தெரியுது? பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டர்."

"அப்போ அந்த ஜன்னலையே கட்டிக்கோ."

"கட்டிக்கிட்டாப் போச்சு. அதுவாவது குறட்டை விடாது."

இப்படிப் பேசிச் சிரித்திருக்கிறோம். சிரிக்காமலும் இருந்திருக்கிறோம். ஒரு ஜன்னலைப் பார்த்து ஒருவன் பொறாமைப்பட முடியும் என்றால் அது நான்தான்.

போன ஜூனில் எர்லிந்தா செத்துப்போனாள். சர்க்கரை வியாதி, அப்புறம் சிறுநீரகம். எங்களுக்குப் பிள்ளையில்லை. ஒன்பது நாள் ஜெபமாலை சொல்ல எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒன்பதாம் நாள் எல்லோரும் போனபின் சாயோ மட்டும் இருந்து காப்பிக் குவளைகளைக் கழுவினாள். அவள் மகனுக்கு நாங்கள் ஞானப்பெற்றோர். அதனால் நான் அவளைக் கொமாத்ரே என்பேன், அவள் என்னைக் கொம்பாத்ரே என்பாள். மிஸஸ் ஆல்டன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அவளும் தங்கி வேலை பார்த்தவள்.

"எர்லிந்தா அந்த மலையப் பாத்துக்கிட்டே கண்ணை மூடியிருக்கணும். ஆஸ்பத்திரியில கார் நிக்கற இடம்தான் தெரிஞ்சுது," என்றேன்.

"எந்த மலை?"

"அவ ரூம் ஜன்னல்ல தெரியுமே."

குவளையைக் கழுவிய கை நின்றது. "என்ன ஜன்னல், கொம்பாத்ரே? அந்தத் தெருவுல நாலு வீடும் ஒரே அச்சு. நான் அங்க வருஷக்கணக்கா வெந்திருக்கேன். வேலைக்காரி ரூம்னா அது ரொட்டி சுடற அடுப்பு. கதவைச் சாத்தினா கல்லறை. கண்ணாடியெல்லாம் முதலாளி பக்கம்தான். நமக்கு நாலு பக்கமும் சுவரு."

"அவ வீட்டுல இருந்திருக்கும்."

"அவ கட்டில்ல உக்காந்து காப்பி குடிச்சிருக்கேன். ஜன்னலும் இல்ல, ஒரு பொந்தும் இல்ல."

"நீ எண்பத்திரண்டுல வேலைய விட்டுட்டே. பின்னாடி வெச்சிருப்பாங்க."

"யாரு, மிஸஸ் ஆல்டனா? ஃப்யூஸான பல்பை மாத்தித் தரமாட்டா அந்தப் பொம்பள. ஜன்னலாம் ஜன்னல்!" சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "விடுங்க. எனக்கு எல்லாம் மறந்துபோகுது இப்பல்லாம்."

சாயோவுக்கு ஒன்றும் மறக்காது. நாற்பது வருஷத்துக்கு முந்தி யார் கல்யாணத்தில் சோறு பற்றவில்லை என்றுகூடச் சொல்லுவாள்.

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. ஜன்னல் பொய் என்றால் மற்றதெல்லாம் என்ன? எதற்காக அவள் அங்கேயே இருந்தாள்? என்னிடமிருந்து தள்ளியிருக்க ஒரு சாக்கு வேண்டும் என்று மலையையும் ரோஸ் நிறத்தையும் இட்டுக்கட்டிச் சொன்னாளா? கேட்க ஆள் இல்லை. வீடு கைமாறி, பூட்டிக் கிடந்து, மறுபடி கைமாறி, இரண்டு வருஷமாகப் புதுப்பிக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். ஜனவரியில் நூலகத்துச் சுவரில் சுற்றிப் பார்க்கும் வீடுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். ஏழாவதாக அந்தத் தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் இருந்தன.

பன்னிரண்டு பேரைச் சேர்த்து உள்ளே கூட்டிப்போனாள் மார்லிஸ். மினசோட்டாவில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளாம். குரலைக் கேட்டாலே தெரிந்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க. போட்டோ வேண்டாம். தரையைப் பாருங்க, மொசைக். மேல முப்பது வருஷமா கம்பளம் ஒட்டிக் கிடந்துச்சு. கிழிச்சு எடுத்து, தேய்ச்சு, ஒவ்வொரு ஓட்டையையும் கல்லுக்குக் கல்லு பொருத்தி அடைச்சாங்க."

கூட்டம் ஆவென்றது. நானும் குனிந்து பார்த்தேன். நல்ல வேலை. தேய்த்தவன் முட்டி போட்டிருப்பானே என்று நினைத்தேன். என் முட்டி வலித்தது.

பெரிய ஹாலில் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. வெளியே நீச்சல் குளம். குளத்துக்கு மேலே சான் ஹசிந்தோ மலை முழுசாக, உச்சியில் பனியோடு நின்றது. குழித்துக் கட்டிய உட்காரும் இடம், உருண்டை விளக்குகள், ஆரஞ்சு மெத்தைகள். தட்டில் ஊற்றி வைத்த மதுக்கிண்ணங்கள்கூட இருந்தன, உள்ளே இருந்தது கெட்டியாய் உறைந்த பிசின். எலுமிச்சம்பழங்கள் பிளாஸ்டிக். எர்லிந்தா பத்தொன்பது வருஷம் துடைத்த கண்ணாடி இது. இவ்வளவு பெரிய கண்ணாடி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"அசல் வரைபடம் ஒரு பல்கலைக்கழகத்துல பத்திரமா இருந்துச்சு," என்றாள் மார்லிஸ். நடையில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். "நடுவுல வந்தவங்க சேர்த்தது, இடிச்சது, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. சுவர் எங்க இருக்கணும்னு கட்டிடக் கலைஞர் வரைஞ்சாரோ, அங்கதான் இப்போ இருக்கு. ஒரு அங்குலம்கூட மாறல."

அன்னாசிச் சட்டைக்காரர், "எங்க வீட்டுல என் மாமியாரை எடுக்கணும், அசல் வரைபடத்துல இல்லை," என்றார். மறுபடியும் விலாவில் இடி.

சமையலறையைத் தாண்டி ஒரு குட்டிக் கதவு. அதன் மேல் சிறிய பலகை. படித்தேன். பணிப்பெண் அறை, 1958.

நான் எதிர்பார்த்தது ஒயின் அலமாரியோ துணி துவைக்கும் இடமோதான். இவர்கள் அறையை அப்படியே வைத்திருந்தார்கள். அப்படியே என்றால், அந்த வரைபடத்தில் இருந்ததுபோல. இரும்புக் கட்டில், அதில் மடிப்புக் கலையாத போர்வை. ஆணியில் கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன். எர்லிந்தா அப்படி ஒன்றைப் போட்டதே இல்லை, என் பழைய சட்டையைத்தான் மேலே மாட்டிக்கொள்வாள். மேஜையில் ஒரு வானொலி. சுவரில் ஹால், படுக்கையறை, குளம் என்று பெயர் எழுதிய அழைப்பு மணிகள்.

நாலு பக்கமும் சுவர். ஜன்னல் இல்லை.

"இங்கதான் தூங்கணுமா? காத்தே வராதே," என்றாள் அன்னாசிக் கவுன்காரி.

"தூங்க மட்டும்தானே," என்றாள் மார்லிஸ். "அந்தக் காலத்துல அப்படித்தான்."

"எனக்கு இப்படி ஒருத்தி கிடைச்சா என் ரூமையே குடுத்துடுவேன்," என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு மணியை அழுத்திப் பார்த்தார்கள். கூட்டம் நகர்ந்தது.

நான் நகரவில்லை. சாயோ சொன்னது சரி. ரொட்டி அடுப்பு. கல்லறை. வருஷக்கணக்கில் ஒவ்வொரு வாரமும் என் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன மலை, இந்த வெள்ளைச் சுவர். கட்டிலில் உட்காரலாம் போலிருந்தது. தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நின்றேன்.

என்ன நினைப்பில் இருந்தாலும் கொத்தனாரின் கண் சுவரைப் பார்க்காமல் இருக்காது. மேற்குச் சுவர் சிமென்ட் பிளாக். அந்தக் காலத்துப் பாணியில் ஒன்றின் நேர்மேல் ஒன்றாக அடுக்கியது. கொட்டகைப் பக்கக் கதவு திறந்திருந்ததால் வெளிச்சம் சுவரில் சாய்வாக விழுந்தது. மூன்று பிளாக் அகலம், நாலு வரிசை உயரம். அந்த இடத்தில் மட்டும் கலவை இடுக்கு ஒரு நூல் கூடுதல் அகலமாக இருந்தது. பழைய பிளாக்கைவிடப் புது பிளாக் ஒரு மயிரிழை சிறியது, இடுக்கில்தான் சரிக்கட்ட வேண்டும். நான் அதே வித்தையை எத்தனை சுவரில் செய்திருக்கிறேன்! கையை வைத்துத் தடவினேன். பழையது சொரசொரப்பு. இது வழவழப்பு.

"சார், தொடக்கூடாது," என்றாள் மார்லிஸ் திரும்பி வந்து.

"மேடம், இங்க ஒரு திறப்பு இருந்துச்சா?"

"இல்லையே. வரைபடத்துலயே கிடையாது."

"வரைபடத்தைக் கேக்கல. சுவரைக் கேக்கறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். டீச்சர் அல்லவா, தெரியாத கேள்விக்கு ஆள் அனுப்பினாள். வீட்டுக்காரர் வந்தார். கெண்டல் என்று பெயர். வெள்ளைக் கால்சட்டை, வெறுங்கால், நல்ல மனுஷன் முகம்.

"யாரு கண்டுபிடிச்சது? நீங்களா?" என்றார். "நாலு கோட்டிங் அடிச்சோம் சார்! மூணு நாளா எல்லாரும் வந்து பாக்கறாங்க, ஒருத்தர் கண்ணுல படல."

"ஜன்னல் இருந்துச்சா?"

"ஜன்னலா? அதை ஜன்னல்னு சொன்னா ஜன்னலுக்கு அவமானம். யாரோ சுவரை உடைச்சு, பழைய கடையில வாங்கின ஒரு அலுமினிய ஜன்னலைச் சொருகியிருந்தாங்க. நாலு மூலையும் நாலு கோணம். பெர்மிட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எங்க ஆர்க்கிடெக்ட் பாத்துட்டு அழாத குறை."

"இருந்துச்சு," என்றேன். எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"இருந்துச்சே. உளி வெச்சு ஆயிரம் கொத்து கொத்தியிருக்காங்க. சுத்தியலே பிடிச்சிராத ஆள் பண்ணின வேலை. ஆனா ஒண்ணு," கெண்டல் குரலைத் தாழ்த்திச் சிரித்தார், "திறப்புக்கு மேல ஒரு இரும்பு வெச்சிருந்தாங்க பாருங்க, சுவர் இறங்காம இருக்க. உருவி எடுத்துப் பாத்தா, கட்டில் சட்டம்! பக்கவாட்டுப் பட்டை. கொக்கி மாட்டற துளைகூட அப்படியே இருந்துச்சு. நாப்பது வருஷமா அதுதான் சுவரைத் தாங்கியிருக்கு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை மார்லிஸ் தடுக்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரிகளில் எனக்குப் பேச வேறு என்ன இருந்தது? வேலையைப் பற்றித்தான் பேசுவேன். சுவரில் எங்கே திறப்பு விட்டாலும் மேலே இரும்பு வேண்டும், இல்லாவிட்டால் சுவர் தலையில் வந்து உட்காரும் என்று. அவள் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருப்பாள். காதில் விழுகிறதா என்றுகூடத் தெரியாது.

எண்பத்துநாலு ஆகஸ்டாக இருக்க வேண்டும். கோடையில் முதலாளிகள் எல்லாம் கடற்கரை ஊர்களுக்குப் போய்விடுவார்கள், வேலைக்காரிகள் வீட்டைக் காப்பார்கள். வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரியைத் தாண்டும். அந்த ஆகஸ்டில் எர்லிந்தா இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. அரளிச் செடி வெட்டினேன் என்றாள். முதலாளி இல்லாத வீட்டில் இரண்டு வாரம் உனக்கு என்ன வேலை என்று நான் கத்தினேன். அதே சமயம்தான் என் வண்டியிலிருந்து சின்னச் சுத்தியலும் உளியும் காணாமல் போயின. கூட வேலை பார்த்த ஃபெர்மின்தான் எடுத்தான் என்று நாலு பேர் முன்னால் அவனைத் திருடன் என்றேன். அவன் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

"நீங்க பில்டிங் கான்ட்ராக்டரா?" என்றார் கெண்டல். "கார்டு இருந்தா குடுங்க. இப்படிக் கண்ணு யாருக்கும் இல்ல."

அந்த ஓட்டையைப் போட்டது என் பெண்டாட்டி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அவர் வருத்தப்படுவார். நல்ல மனுஷன், கட்டாயம் வருத்தப்படுவார். நாளையிலிருந்து மார்லிஸ் அதையும் சேர்த்துச் சொல்லுவாள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக வந்து ஐயோ பாவம் என்பார்கள்.

"ஓய்வு வாங்கிட்டேன் சார். ஜன்னலோட கீழ்விளிம்பு எந்த உயரத்துல இருந்துச்சு?"

அவர் குனிந்து தன் முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். "இவ்வளவு கீழ யாராவது ஜன்னல் வெப்பாங்களா?"

கட்டில் சட்டத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டவள் மெத்தையைத் தரையில்தானே போட்டிருப்பாள்.

"அந்த இரும்பு இருக்கா?"

"குப்பையோட போச்சு. ஏன்?"

"சும்மா கேட்டேன். உங்க கொத்தனார் நல்ல கை. அவனைக் குறை சொல்ல முடியாது."

கொட்டகைப் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தேன். எர்லிந்தா வந்துபோன கதவு. சுற்றிக் காட்டும் வழி வலது பக்கம் திரும்பியது. நான் இடது பக்கம், குப்பைத் தொட்டிகள் வைத்திருந்த சந்துக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. பூட்ஸ் உதவியது. மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் அந்த மூன்று பிளாக் அகலத்தைக் கண்டுபிடித்து, முதுகைச் சாய்த்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு வேலி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிடந்தது. அதற்கும் மேலே மலை. உச்சியும் பனியும் மட்டும். மத்தியானம் ஆகிவிட்டது, ரோஸ் நிறம் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

அவள் பொய் சொல்லவில்லை. எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

சாயோவுக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க? காலையில கதவைத் தட்டினேன், ஆளைக் காணோம்."

"மிஸஸ் ஆல்டன் வீட்டுல."

"அங்க எதுக்கு..." நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "பாத்தீங்களா?"

"ஜன்னல் இருந்துச்சு, கொமாத்ரே. இப்போ அடைச்சுட்டாங்க. எர்லிந்தாவே உடைச்சு வெச்சிருக்கா. என் சுத்தியல், என் உளி. அந்த ஆகஸ்ட் மாசம், முதலாளி இல்லாதப்போ."

"தனியாவா?"

"தனியா."

"மாதாவே! அந்த வெயில்லயா?" சாயோ சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அவ செய்யக்கூடியவதான். சரியான பிடிவாதக்காரி. மிஸஸ் ஆல்டன் திரும்பி வந்து பாத்தப்போ வாயப் பொளந்திருப்பா." பிறகு அவள் குரல் மாறியது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்கிறாள் என்று தெரிந்தது. "ஆனா கொம்பாத்ரே, வீட்டுல ஒரு கொத்தனாரை வெச்சுக்கிட்டு அவ ஏன் தன் கையால உடைக்கணும்? உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"ஒரு மத்தியானம் போதும் எனக்கு."

"அதான் கேக்கறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த பன்னிரண்டு பேரின் காலடிச் சத்தம் கேட்டது. மார்லிஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வார்த்தை புரியவில்லை. வார்த்தைகள் வெளியே வராத அளவுக்கு அந்தக் கொத்தனார் நன்றாகத்தான் அடைத்திருந்தான்.

"கொம்பாத்ரே? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன்.